நாதஸ்வரக் கலைஞருக்கு நாற்காலி போடுவோம்!

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நாதஸ்வரம் ஒலிக்காத கல்யாணம் அரிது. தாலி ஏறியதும் கூட்டம் மணமக்களைச் சூழ்ந்துகொள்ளும். வாசித்தவர் சாப்பிட்டாரா என்று கேட்பவர் எத்தனை பேர்?

ஊதுபவனுக்கும் மரியாதை உண்டு என்று நிமிர்ந்து நின்றவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). அவர் இளமைக் காலத்தில் தமிழ்நாட்டில் வாய்ப்பாட்டுக்காரருக்கு மேடை, நாதஸ்வரக்காரருக்குத் தெரு! இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும், சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெரிய மனிதர்கள் முன் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும்.

ராஜரத்தினம் இதை ஏற்கவில்லை. கிராப்பு வைத்தார். கோட்டும் ஷெர்வானியும் அணிந்தார். மேடையேறி உட்கார்ந்து வாசித்தார். சுருதி தாழ்ந்த, நீளமான பாரி நாதஸ்வரத்தைக் கையிலெடுத்து, வீதியில் முழங்கிய வாத்தியத்தைச் சபைக்கு ஏற்றதாக்கினார். அவருடைய தோடி ராகம் இசைத்தட்டில் ஏறி, தமிழர் வாழும் இடமெல்லாம் பேர் வாங்கியது. 1940-ல் 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். 1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றபோது டெல்லியிலும் அவர் நாதஸ்வரம் ஒலித்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கறுப்பினத்தில் பிறந்த டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைக்கு வெள்ளையர் கைதட்டினார்கள். ஆனால் தென் மாநிலங்களில் அவர் வாசித்த ஓட்டலிலேயே அவருக்குத் தங்க இடமில்லை. 1957-ல் லிட்டில் ராக் நகரில் கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாமல் தடுத்தபோது, அரசாங்கம் ஏற்பாடு செய்த சோவியத் பயணத்துக்குப் போக மாட்டேன் என்று வெளிப்படையாக அறிவித்தார்.

இசை வேண்டும், இசைப்பவன் வேண்டாம் என்பது எந்த நாட்டிலும் அநீதிதான்.

நாம் இந்த நாட்டில் சம உரிமை கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் நம் ஆலயத்தில் மேளம் வாசிப்பவரையும், தோட்டப்புறத்தில் உறுமி அடித்து வளர்ந்த பையனையும் நாம் எப்படி நடத்துகிறோம்? "மேளக்காரன்தானே" என்று பேசும் வாய்க்கு உரிமை கேட்கும் தகுதி உண்டா?

ஆலய நிர்வாகங்களே, பேசிய சம்பளத்தைப் பேசிய நாளில் கொடுங்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கலைஞர்களை வரவழைப்பதோடு நிற்காமல், அவர்களைக் கொண்டே இங்குள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துங்கள். பெற்றோர்களே, பிள்ளை நாதஸ்வரம் கற்க ஆசைப்பட்டால் கேவலம் என்று தடுக்காதீர்கள்.

அடுத்த கல்யாணத்தில் முதல் பந்தியில் கலைஞர்களையும் உட்கார வையுங்கள். சமத்துவம் நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கட்டும்!