ஆண் கூலி, பெண் கூலி: நம் மலையில் ஒரு கணக்கு

நவம்பர் பிறந்துவிட்டால் சேர்வராயன் மலையில் காபிப் பழம் சிவக்கத் தொடங்குகிறது. மஞ்சக்குட்டையிலும் ஏற்காட்டைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களிலும் அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்குப் பழம் பறிப்புதான் முக்கிய வேலை. ஒரு செடியின் பழங்கள் எல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை. பழுத்ததை மட்டும் பார்த்துப் பறித்துவிட்டு, காயை விட்டு வைத்து, சில வாரம் கழித்து அதே செடிக்கு மறுபடியும் வர வேண்டும். இந்த வேலையில் பெரும்பாலும் பெண்களே இருக்கிறார்கள். காபி முடிகிற சமயத்தில் மிளகு வந்துவிடும். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிப்பது, நிழல் மரங்களின் கிளை கழிப்பது, குழி வெட்டுவது, மருந்து அடிப்பது எல்லாம் ஆண்களின் வேலை என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது.

வேலை இப்படிப் பிரிகிறபோது கூலியும் பிரிகிறது. "ஆண் கூலி எவ்வளவு, பெண் கூலி எவ்வளவு?" என்று இரண்டு கேள்வியாகக் கேட்பது நம் தமிழகக் கிராமங்களில் இன்றும் வழக்கம். யாரும் அதில் ஆச்சரியப்படுவதில்லை. ஒரே மலையில், ஒரே பனியில், ஒரே அட்டைக்கடியில் நிற்கும் இருவருக்கு இரண்டு கூலி ஏன் என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

இது ஏழை நாடுகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, தொழிலாளர்கள் வாரத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று தொடர்ந்து கணக்கெடுக்கிறது. அது சராசரியை முதன்மையாகக் கொள்வதில்லை. பத்துத் தொழிலாளரோடு ஒரு கோடீசுவரரைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் பதினொரு பேருமே பணக்காரர்கள் போலத் தெரிவார்கள் அல்லவா? ஆகவே எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தி, சரியாக நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று பார்க்கிறார்கள். பள்ளிக் கணக்கில் இதற்கு இடைநிலை அளவு என்று பெயர். சாதாரணத் தொழிலாளியின் உண்மை நிலையை இதுவே காட்டும்.

அந்தக் கணக்கின்படி 2023ல் முழுநேர வேலை பார்த்த ஆண்களின் வரிசையில் நடுவில் நின்றவர் வாரத்துக்கு 1,202 டாலர் பெற்றார். பெண்களின் வரிசையில் நடுவில் நின்றவர் பெற்றது 1,005 டாலர். அதாவது ஆண் 100 டாலர் வாங்கினால் பெண்ணுக்கு ஏறத்தாழ 84 டாலர். 1979ல் இது 62 டாலராக இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தும் இடைவெளி மூடவில்லை. இன வாரியாகப் பார்த்தாலும் படிகள் தெரிகின்றன. ஆசிய வம்சாவளியினர் மேலே, அடுத்து வெள்ளையர், அதற்குக் கீழே கறுப்பினத்தவர், கடைசியில் இலத்தீன் அமெரிக்க வழி வந்தவர்கள். ஆண், பெண் கூலி வேறுபாட்டை நெடுங்காலம் ஆராய்ந்த கிளாடியா கோல்டின் அம்மையாருக்கு 2023ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றைய வேறுபாட்டின் பெரும்பகுதி, முதல் குழந்தை பிறந்த பிறகே உருவாகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்விக்கு வீட்டில் கிடைக்கும் பதில், சம்பளப் பட்டியலிலும் எழுதப்பட்டுவிடுகிறது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 39வது பிரிவு அரசின் வழிகாட்டு நெறியாகச் சொல்கிறது. சம ஊதியம் பற்றிய அனைத்துலக உடன்படிக்கையை இந்தியா 1958ல் ஏற்றது. 1976ல் சம ஊதியச் சட்டம் வந்தது. மும்பையில் ஒரு கப்பல் நிறுவனத்தில் சுருக்கெழுத்தராக இருந்த ஆட்ரி டி கோஸ்டா என்ற பெண்மணி, அதே வேலை செய்யும் ஆண்களைவிடத் தமக்குக் குறைவாகத் தரப்பட்டது என்று வழக்குத் தொடுத்தார். 1987ல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நிறுவனத்துக்குக் கொடுக்க வசதியில்லை என்பது காரணமாகாது என்றும் சொன்னது. 1976ன் சட்டம் இப்போது 2019ன் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் இத்தொகுப்பு நடைமுறையில் உள்ளது.

பிறகு ஏன் வேறுபாடு? சட்டம் கேட்பது "ஒரே வேலையா, அதே தன்மையுள்ள வேலையா" என்று. சுருக்கெழுத்தர் இருவர் என்றால் பதில் எளிது. ஆனால் பெண்ணுக்குப் பழம் பறிப்பும் களையெடுப்பும், ஆணுக்கு மிளகும் மரமேறுதலும் என்று முதலிலேயே பிரித்துவிட்டால், இரண்டும் வேறு வேலை என்று சொல்லிவிடலாம். அநீதி கூலி கொடுக்கும்போது நுழைவதில்லை. காலையில் வேலை பிரிக்கும்போதே நுழைந்துவிடுகிறது.

மரமேறுவதில் ஆபத்து உண்டு. அதற்குத் தனியாகக் கொடுப்பது நியாயமே. ஆனால் பழம் பறிப்பதில் திறமை இல்லையா? காயும் பழமும் கலந்துவிட்டால் காபியின் சுவையே கெட்டுவிடும் என்பது தோட்டக்காரர் எல்லாருக்கும் தெரியும். தரமான காபி என்று அதிக விலைக்கு விற்கும் சரக்கின் முதல் தரப் பரிசோதகர், கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் நிற்கும் அந்தப் பெண்தான். வேலைகளை ஒப்பிடும்போது திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்றே சட்டமும் சொல்கிறது. நாம்தான் முதுகு வலிக்கும் உழைப்பை மட்டும் உழைப்பு என்றும், கண்ணும் விரலும் நோகும் உழைப்பைப் பொழுதுபோக்கு என்றும் எண்ணிவிட்டோம்.

இரண்டு கூலி இல்லாமலும் வேலை நடக்கும் என்பதை 2005ன் சட்டப்படி வந்த நூறு நாள் வேலைத் திட்டம் காட்டியது. 2025-26ல் தமிழகத்தில் அதன் நாள் கூலி 336 ரூபாய்; ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. அத்திட்டத்தில் நம் மாநிலத்தில் நடந்த வேலையில் 100க்கு 80 பங்குக்கும் மேல் பெண்களே செய்தார்கள். சமமான கூலி, வீட்டுக்கு அருகே வேலை என்றவுடன் பெண்கள் திரண்டு வந்தார்கள். 2025 டிசம்பரில் அச்சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆனால் அந்த அனுபவத்தை யாரும் மறுக்க முடியாது.

தோட்டத் தொழிலாளர் பெண்கள் தங்கள் கூலிக்காகத் தாங்களே பேசியதும் உண்டு. 2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாறில் தேயிலை பறிக்கும் பெண்கள் வேலையை நிறுத்திச் சாலையில் அமர்ந்தார்கள். அவர்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். போனஸ் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். ஆண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கங்களைத் தள்ளி நிறுத்திவிட்டு, "பொம்பிளை ஒருமை" என்ற பெயரில் தாங்களே பேச்சு நடத்தினார்கள். அன்று 232 ரூபாயாக இருந்த நாள் கூலி, தொடர்ந்த பேச்சுவார்த்தையின் முடிவில் 301 ஆயிற்று. கேட்ட 500 கிடைக்கவில்லை. ஆனாலும் யாருடைய கூலியைப் பற்றிய பேச்சோ, அவர்களே மேசையில் அமர வேண்டும் என்ற பாடத்தை அவர்கள் எல்லாருக்கும் கற்றுத் தந்தார்கள்.

தோட்ட முதலாளிகளின் பக்கமும் கேட்க வேண்டும். இந்தியக் காபி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் 10 ஹெக்டேருக்கும் குறைவான நிலம் உடையவர்கள். நம் மலையில் மலையாளிப் பழங்குடி மக்களும் சிறு காபித் தோட்டம் வைத்திருக்கிறார்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் காபி விலை விழுந்தபோது கொடுக்க இயலாது என்று அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அரபிகா காபி ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. விலை விழும்போது நட்டத்தில் பங்கு கேட்கிறோம். விலை ஏறும்போது லாபத்தில் எந்த அளவு கூடைக்காரிக்குப் போகிறது? மேலும், ஆண் பெண் கூலியைச் சமமாக்குவதற்கு விலை ஏற வேண்டும் என்பதில்லை. மனம் மாறினாலே போதும்.

"ஆண்தானே குடும்பத்தைத் தாங்குகிறவன்" என்று சிலர் வாதிடுவர். கணவனை இழந்தவர்களும், கணவன் குடிக்கு அடிமையானவர்களும், பிள்ளைகளின் பள்ளிச் செலவைத் தனியாகச் சுமப்பவர்களும் நம் பங்குகளில் எத்தனை பேர்! திருத்தந்தை 13ம் சிங்கராயர் 1891ல் எழுதிய சுற்றுமடலில், தொழிலாளியும் முதலாளியும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பதாலேயே ஒரு கூலி நீதியானதாகிவிடாது, அது கண்ணியமாக வாழப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று கற்பித்தார். திராட்சைத் தோட்ட உவமையில் (மத்தேயு 20) தோட்டக்காரர் கடைசியில் வந்தவர்களுக்கும் முழு நாள் கூலியைக் கொடுக்கிறார். அந்த மாலையில் அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இது தோட்ட முதலாளிகளுக்கு மட்டும் உரிய சிந்தனை அல்ல. நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவருக்கு என்ன கொடுக்கிறோம்? வீடு கட்டும்போது கலவை சுமக்கும் சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் இடையே எத்தனை ரூபாய் வேறுபாடு, அது எதற்காக? நம் நிறுவனங்களில் கூட்டிப் பெருக்கும், சமைக்கும் பெண்களின் சம்பளத்தைக் கடைசியாக எப்போது உயர்த்தினோம்? மே முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவைக் கொண்டாடும் நாம், அதற்கு முன் ஒரு அன்பியக் கூட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாம் கூலி கொடுக்கும் எல்லாரையும் ஒரு வரிசையில் எழுதி, யார் எவ்வளவு பெறுகிறார், ஏன் என்று எதிரே குறிப்போம். "ஏன்" என்ற இடத்தில் "பெண் என்பதால்" என்பதைத் தவிர வேறு காரணம் எழுத முடியாத வரியை, அந்த வாரமே திருத்துவோம்.