காது ஒழுகினால் பரவாயில்லை, காது மெஷின்தான் கேவலமா?

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டினர் முழுக்கப் படியுங்கள்.

காதில் நீர் கோத்துக் கேட்காமல் போகும் பிள்ளைகளுக்குச் செவிப்பறையில் துளையிட்டு ஒரு சின்னக் குழாய் வைப்பார்கள். 'க்ரோமெட்' என்பார்கள். நல்ல சிகிச்சைதான். 'ஆபரேஷன் செய்தால் எந்தப் பிள்ளைக்கும் சரியாகிவிடும்' என்ற மூடநம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை.

அறிவியல் வகுப்பில் 'குற்றிழை' என்று ஆண்டுதோறும் நடத்தினேன். மூக்கு, மூச்சுக்குழாய், நடுச்செவி ஆகியவற்றில் சளியைத் தள்ளிவிடும் நுண்ணிய இழைகள் அவை. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அவை அசையாது, அல்லது தாறுமாறாக அசையும். இவர்களுக்குக் குழாய் வைத்தாலும் சளி தேங்குவது நிற்காது. வெளியே வர வழிதான் கிடைக்கும். பலருக்கு மாதக்கணக்கில் காது ஒழுகும். குழாய் விழுந்த பிறகும் ஓட்டை மூடாமல் போவதுண்டு. நன்றாகக் கேட்கத் தொடங்கிய பிள்ளைகளும் உண்டு, மறைக்கவில்லை. ஐரோப்பாவில் பல மருத்துவர்கள் குழாயைத் தவிர்த்துக் காது மெஷினைச் சொல்கிறார்கள். வட அமெரிக்காவில் குழாய் வைப்பது அதிகம். நிபுணர்களே ஒத்துப்போகாத விஷயத்தை இங்கே ஐந்து நிமிடத்தில் முடிவு செய்வது என்ன நியாயம்?

கத்தி வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. நிறைமாதத்தில் பிறந்தும் குழந்தை மூச்சுத் திணறியதா? பிறந்ததிலிருந்தே வருடம் முழுக்கச் சளியும் இருமலுமா? இதயம் வலப்பக்கம் இருக்கிறதா? பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்களா? தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் பெரும்பாலும் இந்தக் கோளாறு வரும். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் நம் ஊரில் இதைக் கேட்காமல் விடலாமா?

அடுத்தது பெற்றோருக்கு. கண்ணாடி போட்டால் 'படிக்கிற பிள்ளை', மெஷின் போட்டால் 'செவிடு'. 'நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?' என்று கேட்டு, ஆறு வயதுப் பையனின் பாடத்தைப் பறிக்கிறீர்கள். கல்யாணத்துக்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது ஐயா! எழுத்தும் பேச்சும் படியும் வயது இதுதான், போனால் திரும்பாது.

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை 'மந்தம்' என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பாதீர்கள். முன்னால் உட்கார வையுங்கள், முகம் பார்த்துப் பேசுங்கள், கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லிப் பெற்றோரிடம் கூறுங்கள்.

ஆபரேஷன் வேண்டுமா, மெஷின் போதுமா என்பதை மருத்துவரே சொல்லட்டும். 'இது குற்றிழைக் கோளாறாக இருக்குமா டாக்டர்?' என்று நீங்கள் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.