மணத்தக்காளிக்கு ஆறாத புண்

எங்க பக்கம் வாயில் புண் வந்தால் முதல் வைத்தியம் மணத்தக்காளிக் கீரை. வரப்பு ஓரத்திலேயே முளைத்துக் கிடக்கும். பறித்து வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டால் மூணு நாளில் ஆறிவிடும். ஆறாவிட்டால் மாசிக்காயை உரசித் தடவுவோம். அதுக்கும் கேட்கலைன்னா "சூட்டு உடம்பு, எண்ணெய் தேச்சுக் குளி" என்போம். எங்க தோப்பில் தேங்காய் வெட்ட வருகிற அண்ணன் ஒருத்தர் இப்படியே ஐந்து மாதத்தைக் கடத்தினார். கடைசியில் மதுரையில் ஆபரேஷன். தாடையில் ஒரு பக்கமும் நாக்கில் கொஞ்சமும் போயிருச்சு. இப்போது கஞ்சிதான் குடிக்கிறார். அவர் பேசுவது அவர் சம்சாரத்துக்கு மட்டும்தான் புரிகிறது.

பார்க்கப் போனவர்கள் எல்லாரும் வெளியே வந்து சொன்னது ஒரே பேச்சு. "சும்மாவா வந்துச்சு? போயிலையும் குடியுமால்ல கெடந்தான்." நானும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஏதோ கணக்குக்காகப் பழைய நோட்டைப் புரட்டியபோதுதான் சுருக்கென்றது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே எங்க தோப்பு. நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் கூலிக்குக் கீழே இன்னொரு வரி: 'வெ.பா.போ.' வெத்தலை, பாக்கு, போயிலை. அதுக்கும் கீழே, 'ஆளுக்கு ஒரு குவார்ட்டர்.' எல்லாம் என் கையெழுத்து. அப்பா எழுதிய நோட்டிலும் முதல் வரி அப்படியே இருக்கு.

நகரத்தில் இருக்கிற நீங்கள் இதைக் கெட்ட பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இங்கே இது கூலியில் ஒரு பாகம். கடவாயில் போயிலையை அதக்கிக்கொண்டால் பசி தெரியாது. பத்து மணிக் கஞ்சி பன்னிரண்டு மணிக்குத் தள்ளிப்போகும். அதில் யாருக்கு லாபம்? எனக்குத்தான். நாள் முழுக்க மரம் ஏறி இறங்கின உடம்புவலிக்குச் சாயங்காலம் குவார்ட்டர். மறுநாளும் ஆள் வரணுமே, அதுக்கு அச்சாரம். நடவுக்கு வருகிற பெண்களுக்குக் குடி கிடையாது, ஆனால் இடுப்பில் வெத்தலைப் பை இல்லாமல் ஒருத்தரும் வயலில் இறங்குவதில்லை. வாங்கிக் கொடுக்கவில்லை என்றால் அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் எங்களுக்கு. ஆக, நாங்களே வாங்கிக் கொடுத்துவிட்டு, நோய் வந்ததும் "அவன் பழக்கம்" என்று கையைக் கழுவுகிறோம்.

இயற்கை அரிசி வாங்க வருகிற நண்பர்கள் என்னிடம் யூரியாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். "கிராமத்துல கேன்சரெல்லாம் ஏது சார், எங்களுக்குத்தான்" என்பார்கள். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருக்கும் ஆளை அவர்கள் பார்ப்பதே இல்லை. பாக்கும் இயற்கைதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985லேயே போயிலை சேர்த்த வெத்தலையைப் புற்றுநோய் தருவது என்று சொல்லிவிட்டது. 2004ல், போயிலை இல்லாத வெறும் பாக்கையும் அதே பட்டியலில் சேர்த்தது. மது 1988லேயே அந்தப் பட்டியலுக்குள் போய்விட்டது.

இரண்டும் ஒரே வாயில் சேரும்போது என்ன ஆகிறது என்பதுதான் பலருக்கும் தெரியவில்லை. பயிருக்கு மருந்து அடிக்கும்போது ஒட்டும் திரவம் கலப்போம். மருந்து இலையில் வழிந்து போகாமல் பிடித்து உள்ளே இறங்கணும் என்பதற்காக. போயிலை விஷத்துக்கு மது கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்கிறது. வாயின் உள்தோலைத் தளர்த்தி வழி விடுகிறது. போதாததற்கு அது அசிட்டால்டிஹைடாக மாறி, தன் பங்குக்கும் செல்களைக் கெடுக்கிறது. 1988ல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட்டும் நாலு கிளாஸுக்கு மேல் மதுவும் சேர்ந்தவர்களுக்கு, இரண்டையும் தொடாதவர்களைவிட வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து 35 மடங்குக்கும் மேல். அது சிகரெட் கணக்கு. எங்க ஆட்களோ போயிலையை மணிக்கணக்கில் கன்னத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

"எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் வெத்தலை போட்டாரு" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். நாற்பத்தெட்டில் போய்ச் சேர்ந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சாட்சி சொல்ல முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அரசாங்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. அரசு முத்திரையில் இருப்பது எங்க ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். அந்த முத்திரையோடுதான் 2013ல் குட்கா, பான்மசாலாவுக்குத் தடை உத்தரவு வந்தது. 2017ல் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்கள் சட்டசபைக்குள்ளேயே குட்கா பொட்டலங்களைக் கொண்டுபோய்க் காட்டினார்கள், தடை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று. அதே அரசாங்கம்தான் 2003லிருந்து டாஸ்மாக் கடைகளில் தானே சில்லறைக்கு மது விற்கிறது. பாட்டிலில் எச்சரிக்கை எழுதியிருக்கு, இல்லை என்று சொல்லவில்லை. எங்க ஆட்களில் பாதிப்பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில், 1996ல் ஒரு வேலை தொடங்கினார்கள். பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சம் அடித்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வேறு பெரிய கருவி ஏதும் இல்லை. 2005ல் முடிவு வந்தது: போயிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இங்கே சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள், நல்ல விஷயம். அப்படியே வாயையும் திறக்கச் சொன்னால் கூடுதலாக இரண்டு நிமிஷம் ஆகுமா?

நான் அந்த இரண்டு வரிகளையும் நோட்டில் இருந்து அடித்துவிட்டேன். அந்தக் காசைக் கூலியோடு சேர்த்துவிட்டு, பத்து மணிக்குச் சுண்டலும் சுக்குக்காப்பியும் கொடுக்கிறேன். வெட்டு ஆட்களில் ஒரு செட் வேறு தோப்புக்குப் போய்விட்டது. "கஞ்சப்பய" என்று பேரும் கிடைத்தது. கூட்டிக் கொடுத்த காசு எங்கே போகிறது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் என் கையால் வாங்கிக் கொடுப்பது நின்றது.

சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது, இரண்டு மூணு வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முழுசாகத் திறக்க முடியாமை, இது யாருக்காவது இருக்கா என்று கேட்கிறேன். முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள். போன வாரம் நடவுக்கு வருகிற ஒரு பெரியம்மா மட்டும் மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து வாயைத் திறந்து காட்டியது. செல்போன் லைட் அடித்துப் பார்த்தேன். இடது கன்னத்து உள்பக்கம், எந்நேரமும் போயிலை வைக்கிற இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாக இருந்தது.

"வலிக்குதா பெரியம்மா?"

"வலிச்சா அப்பவே சொல்லியிருப்பேனே தம்பி."

திங்கட்கிழமை காலையில் ராஜபாளையம் பெரியாஸ்பத்திரிக்கு என் வண்டியில் கூட்டிப் போகிறேன். அன்றைக்குக் கூலியைப் பிடிக்கக் கூடாது என்று பெரியம்மா கண்டிஷன் போட்டிருக்கு. சரி என்று சொல்லியிருக்கிறேன்.