வரைந்து வைப்போம்



ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்து லயங்கள் சிலவற்றில் இன்றும் ஓர் அம்மியைக் காணலாம். அதன் வேலையை மிக்சி ஏற்றுக்கொண்டுவிட்டது. "பயன்படாத கல்லுக்கு இந்தச் சிறு வீட்டில் இடம் எதற்கு?" என்று கேட்போர் உளர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும், ஒரு பொருளை வெளியேற்றும் முன் அதனை வரைந்தேனும் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்க நாட்டில் 1930களில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. ஓவியர் பலர் வேலையின்றித் தவித்தனர். 1935இல் அந்நாட்டு அரசு அவர்களுக்கு ஊதியம் அளித்து, அரியதொரு பணியை ஒப்படைத்தது. முன்னோர் புழங்கிய நாற்காலி, மண்சாடி, ஒட்டுத்துணிப் போர்வை, பொம்மை முதலியவற்றை உள்ளது உள்ளவாறே வரைவதே அப்பணி. மரத்தின் கீறலையும் துணியின் தையலையும்கூட அவர்கள் நீர்வண்ணத்தில் தீட்டினர். 1942இல் பணி நின்றபோது ஏறத்தாழ 18,000 ஓவியங்கள் சேர்ந்திருந்தன. அவை இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளன. அவை அரண்மனைச் செல்வங்கள் அல்ல. எளிய மக்களின் வீட்டுப் பொருள்கள்.

நம் நாட்டிலும் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்மாநிலங்களின் பழைய வீடுகளையும் புழங்குபொருள்களையும் காத்து வருகிறது. ஆனால் லயத்து அம்மியைத் தேடி எந்த அருங்காட்சியகம் வரும்? அதனைக் காக்க வேண்டியவர்கள் நாமே.

"கைப்பேசியில் படம் எடுத்தால் போதாதா?" என நீங்கள் கேட்கலாம். படம் எடுக்க ஒரு நொடி போதும். வரைவதற்கோ உற்றுநோக்க வேண்டும். உலக்கையை வரைபவர், அதன் நுனியில் உள்ள இரும்பு வளையத்தைக் காண்பார். அது என்னவென்று பாட்டியிடம் கேட்பார். 'பூண்' என்னும் சொல்லும், மரம் பிளவுபடாமல் அது காக்கும் என்னும் அறிவும் அவருக்குக் கிட்டும். பொருள் மறைந்தால் அதன் பெயரும் மெல்ல மறையும். அம்மி, உரல், முறம் ஆகிய சொற்கள் மலையாளத்திலும் வழங்குகின்றன. ஆகவே, உங்கள் வகுப்புத் தோழரின் வீட்டுப் பாட்டியும் உங்களுக்கு ஆசிரியரே.

இந்த வாரம் உங்கள் வீட்டுப் பழம்பொருள் ஒன்றை வரையுங்கள். ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் பெரியோரிடம் கேட்டுத் தமிழில் எழுதுங்கள். ஓவியம் அழகாக அமையாவிடினும் குறையில்லை. உண்மையாக அமைந்தால் போதும்.