பூண்டுலோயா இளைஞர்களும் தேவாலயமும்

பூண்டுலோயாத் தோட்டப் பிள்ளைகளில் பலர் சாதாரண தரம் முடித்ததும் கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். கிற்றாரும் திரையும் வைத்தால் இவர்கள் ஆராதனைக்குத் திரும்புவார்கள் என்பது அரைகுறைக் கணக்கு. தேவாலயம் யார் பக்கம் என்பதே அவர்களின் கேள்வி. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனைத் தாங்கியவர்களில் தோட்டத் துரைமாரும் உண்டு. அந்த நிழல் இன்னும் முழுதாக விலகவில்லை.

மாறாக, 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த மலையகம் 200 நடைபயணத்தில் தேசிய கிறிஸ்தவ மன்றம் முன்னின்றது. வழியில் இறந்த மூதாதையரை நினைவுகூர்ந்தார்கள், காணியும் வீடும் கேட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரோடு குருமார் தெருவில் நின்றதைக் கண்ட வடக்கு வாசகருக்கு இதன் பெறுமதி புரியும்.

அந்த நடை மாத்தளையோடு நின்றுவிட்டதா? லயத்துக்குத் தனி முகவரியின்றி, நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்டக் கந்தோரில் கிடந்து பிந்தும் பிள்ளைக்காகச் சபை வார நாளில் என்ன செய்கிறது?