விடைத்தாள் திரும்பி வராத பரீட்சை

சென்ற மாதம் ஒரு மரணவீட்டுக்காக இறுப்பிட்டிக்குப் போயிருந்தேன். வாணர் பாலத்தைக் கடந்து புங்குடுதீவுக்குள் நுழைந்ததுமே மனம் கனக்கத் தொடங்கிவிடும். கூரையில்லாத வீடுகளும், சுவரைப் பிளந்து வளர்ந்த ஆலங்கன்றுகளும், உப்பேறிய கிணறுகளும் வழிநெடுக வரும். 1991 ஒக்டோபரில் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது வெளியேறியவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வரவில்லை. அன்றைய மரணவீட்டிலும் பிள்ளைகளில் இருவர் ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் கைத்தொலைபேசித் திரை வழியாகவே தகப்பனுக்கு விடைகொடுத்தார்கள்.

காரியங்கள் முடிந்து பந்தலில் இருந்தபோது அயல்வீட்டு ஆச்சி ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். எழுபதைத் தாண்டியவர். 2006இல் யாழ்ப்பாணத்துக்குப் போன அவருடைய இளைய மகன் இன்றுவரை வீடு திரும்பவில்லை.

"தம்பி, நீ பேப்பரிலை வேலை செய்யிறனி தானே, உனக்குத் தெரியும். சண்டை முடிஞ்ச கையோடை ரண்டு பிள்ளையள் வந்து, கடதாசியிலை கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போனவை. நானும் எல்லாத்துக்கும் மறுமொழி சொன்னனான். பாஸோ பெயிலோ எண்டு இண்டைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லேல்லை."

அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

வந்த பிள்ளைகள் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பது ஆச்சிக்கு நினைவில்லை. எனக்கும் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் எண்ணமில்லை. யாராக இருந்தாலும் கதை ஒன்றுதான். அவர்கள் கேட்டவற்றுள் ஒரு கேள்வியை மட்டும் ஆச்சி மறக்கவில்லை: இரவில் நித்திரை வருகிறதா? இல்லை, சில வேளைகளில், அடிக்கடி, எப்போதும் என்று நான்கு விடைகள். வருவதில்லை என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். ஏன் வருவதில்லை என்று அந்தத் தாள் கேட்கவில்லை. என்னிடம் சொன்னார்: "படலைச் சத்தம் கேட்டால் எழும்பித் திறக்க வேணுமெல்லே."

உளவியல் கற்பிப்பவர்களும் உளவியல் ஆய்வு செய்பவர்களும் இந்த ஒரு வாக்கியத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அளவுகோலுக்கு அது நித்திரைக் குழப்பம், ஒரு நோய்க்குறி. ஆச்சிக்கோ அது ஒரு தாயின் கடமை. இரண்டில் ஒன்று பொய் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால், முதலாவதை மட்டும் எழுதிக்கொண்டு போவது அரைகுறை அறிவு என்பதில் எனக்கு ஐயமில்லை.

உளவியல் ஒரு தனித்துறையாகப் பிறந்த கதை பலரும் அறிந்ததே. 1879இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் ஆய்வுகூடம் அமைத்தார். இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916இல் இதற்கென ஒரு துறையைத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் வந்தது. இலங்கையிலோ உளவியல் நீண்ட காலம் மெய்யியலின் நிழலிலும் கல்வியியலின் நிழலிலுமே வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். கலைப்பீடத்தில் மெய்யியல் படித்த எங்கள் தலைமுறையினருக்கு உளவியல் என்பது அதனோடு சேர்ந்து வந்த ஒரு பாடம்.

எனக்குக் கற்பித்தவர்கள் நல்லாசிரியர்கள். மின்சாரமில்லாத காலத்திலும், கடதாசி தட்டுப்பாடான காலத்திலும் குறிப்புகளைத் தம் கையாலேயே எழுதித் தந்தவர்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பவ்லோவின் நாயைப் படித்தோம். பிராய்டின் வியன்னா நோயாளிகளைப் படித்தோம். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் இருபதுக்கும் அதிகமானோர் வெட்டிக் கொல்லப்பட்டார்களே, அதன் பிறகும் அதே கடலில் படகேறித்தான் ஆகவேண்டும் என்றிருந்த சனங்களின் மனம் என்னவாயிற்று என்று எந்த வகுப்பிலும் நாங்கள் கேட்டதில்லை. ஆசிரியர்களும் கேட்கவில்லை, மாணவர்களாகிய நாமும் கேட்கவில்லை. பரீட்சையில் வராத கேள்வியை யார் கேட்பார்?

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டுமே உரிய குறையுமன்று. உளவியல் சஞ்சிகைகளில் வெளியாகும் ஆய்வுகளில் பங்குகொண்டோரில் 96 வீதமானோர், உலக சனத்தொகையில் 12 வீதத்தை மட்டுமே கொண்ட மேற்கத்திய கைத்தொழில் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2008இல் ஜெஃப்ரி ஆர்னெட் என்ற அமெரிக்க உளவியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். மனிதமனம் என்று பாடநூல் சொல்லும்போது அது பெரும்பாலும் யாருடைய மனத்தைச் சொல்கிறது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

மாற்றுவழி நம் கண்ணெதிரேயே இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் நடந்துகொண்டிருந்தபோதே இங்கிருந்து பணியாற்றினார். ராஜினி திராணகம உள்ளிட்ட பல்கலைக்கழக ஆசிரியர் மூவரோடு இணைந்து 'முறிந்த பனை'யை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். ராஜினி 1989 செப்டெம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். நம்மிடையே ஆய்வு என்பதற்கு அத்தகைய விலையும் இருந்தது. தயா சோமசுந்தரம் ஆங்கிலத்தில் எழுதியதோடு நிற்காமல் 'மனவடு' என்ற நூலைத் தமிழில் தந்தார். இன்று பத்திரிகைக்காரர்களாகிய நாம் சர்வசாதாரணமாகப் பயன்படுத்தும் 'மனவடு' என்ற சொல் பரவியதில் அந்த நூலுக்குப் பெரும் பங்குண்டு. 'சாந்திகம்' போன்ற நிறுவனங்களூடாக ஆற்றுப்படுத்துநர்கள் ஊர்களுக்குள் போனார்கள்.

2007இல் அவர் வெளியிட்ட ஆய்வொன்று தனிமனிதரின் நோயை அன்றி, சமூகத்தின் காயத்தைப் பேசியது. போரும் கடற்கோளும் கண்ட வடபகுதிச் சமூகங்களில் நம்பிக்கையின்மை, சந்தேகம், மௌனம், செயலின்மை, தலைமையின்மை ஆகியன படிந்துவிட்டன என்றது. இறுப்பிட்டியில் பூட்டிக் கிடக்கும் வாசிகசாலையையும் கூட்டம் போட்டால் எட்டுப் பேருக்கு மேல் வராத சனசமூக நிலையத்தையும் பார்க்கும்போது அந்தப் பட்டியல்தான் எனக்கு நினைவுக்கு வரும். நம்மை நாமே விளங்கிக்கொள்ள உதவுவதுதான் ஆய்வு.

இங்கு வாசகர் ஒருவர் குறுக்கிடலாம்: அப்படியானால் வினாக்கொத்தும் புள்ளிவிபரமும் வேண்டாம் என்கிறீரா? இல்லை. 2009இல் யாழ் மாவட்டத்தில் ஏறத்தாழ 1500 வீடுகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதமானோரிடமும், பதகளிப்பு 32.6 வீதமானோரிடமும், மனச்சோர்வு 22.2 வீதமானோரிடமும் காணப்பட்டதாக அது சொன்னது. இந்த எண்கள் இல்லாவிட்டால் உளநலச் சேவைக்கு ஆளணி வேண்டும், மருந்து வேண்டும் என்று எந்த அரசிடமும் வாதாட முடியாது. "எல்லாருக்கும்தான் கவலை" என்று சொல்லிக் கடந்துபோவோரின் வாயை அடைப்பதற்கும் எண்கள் வேண்டும். "தமிழர் எல்லோரும் மனநோயாளிகள்" என்று பேசுவோரைத் திருத்தவும் அதே எண்கள் வேண்டும்.

என் முறைப்பாடு எண்ணைப் பற்றியதன்று. எண்ணைக் கொடுத்தவரிடம் அது திரும்பிச் செல்லாததைப் பற்றியது. அமெரிக்க உளமருத்துவர்கள் 1980இல் தங்கள் கைந்நூலில் சேர்த்த அந்த மனவடு நோயின் பெயரிலேயே 'பிற்பட்ட' என்ற சொல் இருக்கிறது. வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரருக்குப் போர் பின்னால் போய்விட்டது. ஆச்சிக்கு எது பின்னால் போனது? காணாமற்போனோரின் குடும்பத்தவர்களின் துயரை 'தெளிவற்ற இழப்பு' என்று போலின் பொஸ் என்ற அறிஞர் பெயரிட்டார். அவரும் வியட்நாமில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களிடமிருந்தே அதைக் கற்றார். அந்தக் கருத்து நமக்கு நன்கு பொருந்துகிறது. ஆனால், அந்தியேட்டியும் திவசமும் செய்யாமல் விடுவதன் பாரத்தை, செய்தால் மகனைத் தானே கொன்றதாகிவிடும் என்ற அச்சத்தை, விமானிகளின் மனைவியர் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இறுப்பிட்டியிலும் வேலணையிலும் மண்டைதீவிலும் இருக்கிறார்கள். எழுதிக்கொள்ளக்கூடியவர்கள், தமிழறிந்த உளவியல் ஆசிரியர்களும் மாணவர்களும்தான்.

இப்படிச் செய்யலாம் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. இலங்கையில் பிறந்து கலிபோர்னியாவில் கற்பிக்கும் காயத்ரி பெர்னாண்டோ, வெளிநாட்டு அளவுகோலை மொழிபெயர்ப்பதற்குப் பதிலாக, இங்குள்ள மக்கள் தம் துயரைச் சொன்ன சொற்களிலிருந்தே ஓர் அளவுகோலை உருவாக்கி 2008இல் வெளியிட்டார். நம்மவரும் 'மனம் ஏங்குது', 'நெஞ்சு பதறுது', 'விசராக்கிடக்கு', 'ஒண்டிலையும் மனம் இல்லை' என்று சொல்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் வேறுவேறு நிலைகள். எந்தப் பாடநூலில் இவை பிரித்து விளக்கப்பட்டிருக்கின்றன?

விரிவுரையாளர்களின் நிலையும் எனக்குத் தெரியாததல்ல. ஆளணி குறைவு, மாணவர் தொகை அதிகம். பதவியுயர்வுக்குப் புள்ளி வேண்டும். புள்ளிக்கு ஆங்கிலச் சஞ்சிகையில் கட்டுரை வேண்டும். ஆச்சியிடம் திரும்பிப்போய் ஒரு மணித்தியாலம் பேசியதற்கு எந்தக் குழுவும் புள்ளி தருவதில்லை. ஆகவே இது தனிப்பட்டவரின் கல்நெஞ்சு அன்று, முறைமையின் கோளாறு. முறைமை மனிதர் செய்ததுதானே, மனிதர் மாற்றலாம்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தமொன்றுமில்லை. ஓர் ஊரில் தகவல் திரட்டும் எந்த ஆய்வும் முடிந்த பின்னர், அந்த ஊர்ச் சனசமூக நிலையத்தில் அரை மணித்தியாலம் தமிழில் பேசப்படவேண்டும். ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஊருக்குக் கொடுக்கப்படவேண்டும். அது நடக்காதவரை ஆய்வு நிறைவுபெற்றதாகப் பல்கலைக்கழகம் ஏற்கக்கூடாது. ஆய்வு அனுமதி வழங்கும் குழு, சம்மதக் கையொப்பம் எங்கே என்று கேட்பதுபோல, திரும்பிப் போகும் திகதி எது என்றும் கேட்கவேண்டும். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரின் கதையையாவது அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டி, பிழை திருத்தி வாங்கவேண்டும். யாழ் நகரிலிருந்து இறுப்பிட்டி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். குறிகட்டுவான் பேருந்தில் ஏறினால் வந்துசேரலாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு என்னை மட்டும் விலக்கிக்கொள்வது நேர்மையாகாது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியபோது இந்த ஆச்சியிடம் நானும் பேட்டி கண்டேன். மகனின் படத்தை வாங்கிக்கொண்டு போனேன். கட்டுரை வந்தது, பலர் பாராட்டினார்கள். பத்திரிகையின் ஒரு பிரதியை ஆச்சிக்குக் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆய்வாளரிடம் கேட்ட கேள்வியை என்னிடமும் கேட்டிருக்கலாம். மரியாதைக்காகக் கேட்காமல் விட்டிருப்பார்.

அன்று பந்தலில் ஆச்சிக்கு நான் சொன்ன மறுமொழி இதுதான்: "ஆச்சி, அது உங்களுக்கு வைச்ச சோதினை இல்லை." சற்று யோசித்துவிட்டு, "அப்ப ஆருக்கு வைச்சது?" என்றார்.

என்னிடம் பதிலிருந்தது. சொல்லத் துணிவு வரவில்லை. அடுத்த முறை போகும்போது அந்தப் பழைய பத்திரிகைப் பிரதியை எடுத்துக்கொண்டு போவேன்.