13 மார்க் மூட்டும் ஒரு கிரீஸ் கன்னும்

மக்களே, முதல்ல ஒரு கேள்வி. ஹூக்ஸ் ஜாயிண்ட் டெரிவேஷன் ஞாபகம் இருக்கா? தியரி ஆஃப் மெஷின்ஸ் பேப்பரில் 13 மார்க்குக்கு வருமே, அதேதான். ஒரு வட்டம், ஒரு நீள்வட்டம், ரெண்டு தண்டுக்கும் நடுவுல ஆல்ஃபான்னு ஒரு கோணம், கடைசியில் வேக விகிதத்துக்கு ஒரு சமன்பாடு. நம்மில் பாதிப் பேர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிடுவோம். நானும் எழுதினேன், இன்டர்னலில் முழு மார்க். அதே செமஸ்டரில் எங்க வீட்டு பிக்கப் வண்டியில் அதே மூட்டு உடைஞ்சு, புரொப்பல்லர் ஷாஃப்ட் நடுரோட்டில் தொங்கிச்சு.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். ஒரு வண்டிக்கு அடியில் படுத்து கிரீஸ் அடிக்காத யாருக்கும் மெக்கானிக்கல் டிகிரி கொடுக்கக் கூடாது. என்னையும் சேர்த்துத்தான். கோபம் வந்தா படிச்சு முடிச்சிட்டு சண்டைக்கு வாங்க.

எங்க வீடு மாங்காட்டில். அப்பா ஒரு பழைய பிக்கப் வெச்சிருக்கார். அவரே ஓனர், அவரே டிரைவர். ராத்திரி 2 மணிக்குக் கிளம்பி குமணன்சாவடி, வானகரம், மதுரவாயல் வழியா கோயம்பேடு போய் காய்கறி ஏத்திக்கிட்டு, விடியறதுக்குள்ள மாங்காடு, குன்றத்தூர் கடைகளில் இறக்கணும். என் ஃபீஸ் அந்த வண்டியிலிருந்துதான் வருது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டினப்போ எங்க தெருவில் தண்ணி ஏறி, வண்டி ரெண்டு நாள் அப்படியே நின்னது. வடிஞ்ச பிறகு அப்பா ஒரு குறையும் வைக்கலை. இன்ஜின் ஆயில் மாத்தினார், ஏர் ஃபில்டர் மாத்தினார், பிரேக் டிரம்மைக் கழட்டிச் சுத்தம் பண்ணினார், ஹவுசிங் ஆயிலில் தண்ணி கலந்திருக்கான்னுகூடப் பார்த்தாச்சு. ஷாஃப்ட் மூட்டை மட்டும் யாருமே தொடலை.

பொங்கலுக்கு அப்புறம் ஒரு சத்தம் வந்தது. வண்டி மெதுவா உருளும்போது கீச், கீச், கீச். வேகம் கூடினா சத்தமும் அடுத்தடுத்து வரும். எலி புகுந்திருக்கும்னு அம்மா சொன்னாங்க. நான் இன்ஜினியரிங் படிக்கிறவன் இல்லையா, "ஃபேன் பெல்ட்டுப்பா"ன்னு தீர்ப்பு சொல்லிட்டேன். பெல்ட்டா இருந்தா வண்டி நின்ன இடத்தில் இன்ஜின் ஓடும்போதும் கத்தணும். இது சக்கரம் உருண்டாத்தான் கத்திச்சு. இந்த ஒரு வரியை யோசிச்சிருந்தா போதும். யோசிக்கலை. கொஞ்ச நாளில் ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்ட் கியருக்கு மாத்தும்போது அடியில் 'டொக்'குனு ஒரு அடி. பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம்.

மார்ச் மாசம் ஒரு விடிகாலை, லோடோட திரும்பி வரும்போது மதுரவாயல் தாண்டி ஒரு ஏத்தத்தில் பின்பக்க மூட்டு போச்சு. அப்பா வழக்கப்படி கியர் போட்டு வண்டியை நிறுத்தப் பார்த்தார். வண்டி நிக்கலை, மெல்லப் பின்னாடி உருண்டுச்சு. மூட்டு உடைஞ்ச பிறகு கியர்பாக்ஸுக்கும் பின் சக்கரத்துக்கும் சம்பந்தமே கிடையாதே, கியர் எப்படிப் பிடிக்கும்? ஹேண்ட் பிரேக் ஏற்கனவே பேருக்குத்தான். கூட வந்த லோடுமேன் அண்ணன் குதிச்சு ஓடிப்போய் டயருக்குக் கல் வெச்சார். பின்னாடி ஒரு ஸ்கூட்டர் நின்னுட்டிருந்தது. நடுவுல ஒரு நாலு அடி இருக்கும்னு அப்பா ஒரு தடவைதான் சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கலை. முன்பக்க மூட்டு உடைஞ்சிருந்தா இன்னும் மோசம். ஓடுற ஓட்டத்தில் ஷாஃப்டோட முன் முனை கீழே விழுந்து, ரோட்டுப் பள்ளத்தில் குத்தினா வண்டியையே எகிற வெச்சுடும்.

மாங்காட்டில் எங்க வழக்கமான ஷெட்டில் மெக்கானிக் அண்ணன் அந்த உடைஞ்ச சாமானைக் கையில் வெச்சுக்கிட்டுக் கேட்டார்:

"தம்பி, நீ மெக்கானிக்கல்தான படிக்கிற?"

"ஆமாண்ணே."

"இது இன்னா சொல்லு."

"ஹூக்ஸ் ஜாயிண்ட்ண்ணே... நடுவுல இருக்கறது ஸ்பைடர்..."

"கிராஸு. கடைசியா இதுக்கு எப்போ கிரீஸ் அடிச்சீங்க?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார்.

கிராஸோட நாலு முனையில் ஒண்ணு, சோளக்கருதை எலி கடிச்ச மாதிரி இருந்தது. மத்த மூணிலயும் வரிசையா நீளக் கோடு கோடா பள்ளம். கப்பைத் திறந்தா செங்கல்பொடி மாதிரி துரு கொட்டிச்சு. உள்ளே தீக்குச்சி பருமனில் ஊசி ஊசியா இருக்குமே, அந்த நீடில் பேரிங்கில் பாதி ஊசி பொடியாகியிருந்தது.

அந்தக் கோடுகள்தான் எனக்குப் பாடம். சாதாரண பேரிங் முழு வட்டமா சுத்தும், கிரீஸும் கூடவே சுத்தி எல்லா இடத்துக்கும் போகும். கிராஸில் அது நடக்காது. ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 2000 சுற்று சுத்தினாலும், கப்புக்குள்ள இருக்கிற ஊசிகள் முழுசா சுத்தறதில்லை. ஆல்ஃபா 10 டிகிரின்னா, 10 டிகிரி இப்படி, 10 டிகிரி அப்படின்னு ஊஞ்சல் ஆடும், அவ்வளவுதான். அதே ஊசி, அதே இடம், அதே பாரம். அழுத்தத்தில் ஓரத்துக்கு ஒதுங்கின கிரீஸ் தானா திரும்பி வராது. புது கிரீஸை நாமதான் உள்ளே தள்ளணும். தள்ளலைன்னா இரும்பும் இரும்பும் உரசி, ஊசி உட்கார்ந்த இடத்தில் பள்ளம் விழும். வெள்ளத் தண்ணி உள்ளே போயிருந்தா துருவும் சேர்ந்து அரத்துப்பொடி மாதிரி வேலை செய்யும். இன்னொரு வேடிக்கை, கோணம் சுத்தமா சைபரா இருந்தா நல்லதுன்னு தோணும். இல்லை. அப்போ ஊசிகள் அசையவே அசையாது, பள்ளம் இன்னும் சீக்கிரம் விழும். அதனாலதான் டிசைன் பண்றவங்க வேணும்னே கொஞ்சம் கோணம் வெக்கிறாங்க. நாம எழுதின அந்த ஆல்ஃபாவுக்குள்ள இவ்வளவு கதை இருக்குன்னு எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லலை. ஷெட்டில் அந்தக் கிராஸைக் கையில் பிடிச்சப்போதான் தெரிஞ்சது.

அதுக்காகத் தியரி வேஸ்ட்டுனு நான் சொல்ல வரலை. புது கிராஸ் போட ஷாஃப்டைக் கழட்டறதுக்கு முன்னாடி மெக்கானிக் அண்ணன் ஸ்லிப் ஜாயிண்ட் ரெண்டு பக்கமும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். எதுக்குண்ணேன்னு கேட்டேன். "மாத்தி மாட்டினா வண்டி ஆடும் தம்பி, எங்க மேஸ்திரி சொல்லிக் குடுத்தது." ஏன் ஆடும்னு அவருக்குத் தெரியலை, எனக்குத் தெரிஞ்சது. 10 டிகிரி கோணத்தில் 1000 சுற்று உள்ளே போனா, வெளியே 985-க்கும் 1015-க்கும் நடுவுல ஏறி இறங்கும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டு தடவை. அடுத்த மூட்டு அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் ஆடினாத்தான் சக்கரத்துக்குச் சீரான வேகம் போகும். அதுக்கு ஷாஃப்டோட ரெண்டு முனை யோக்கும் ஒரே நேரில் இருக்கணும். ஸ்லிப்பை ஒரு பல் தள்ளி மாட்டினாலே அந்தக் கணக்கு கெட்டுப்போகும். தரையில் குந்தி உட்கார்ந்து சாக்பீஸில் வரைஞ்சு காட்டினேன். அண்ணன் பொறுமையா கேட்டுட்டு, "அதுக்குதான் கோடு போடறோம்"னார். என் 13 மார்க் முதல் தடவையா வேலைக்கு ஆனது அன்னிக்குத்தான்.

சரி, வேலை எவ்வளவு பெருசு? பிக்கப் அடியில் ஜாக்கி இல்லாமலே படுக்கலாம். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நாலு டயருக்கும் கட்டை வைங்க. இதைச் சோம்பேறித்தனத்தில் விடாதீங்க. ஷாஃப்டைக் கழட்டற வேலைன்னா கட்டையைத் தவிர வேற எதையும் நம்பக் கூடாது, ஏன்னு மேலேயே பார்த்தீங்க. நிப்பிளை முதல்ல துணியால் துடைங்க, இல்லைன்னா அது மேல இருக்கிற மண்ணைத்தான் பேரிங்குக்குள்ள அனுப்புவீங்க. கன் முனையை நேரா மாட்டி மெதுவா அமுக்குங்க. நாலு கப் ஓரத்திலும் பழைய கறுப்பு கிரீஸ் பிதுங்கி, பின்னாடியே புதுசு வரணும். மூணில் வந்து ஒண்ணில் வரலைன்னா வேலை முடியலைன்னு அர்த்தம். வராத அந்த நாலாவது கப்தான் முதல்ல போகும். வண்டியைக் கொஞ்சம் உருட்டி, மூட்டோட நிலையை மாத்தி மறுபடி அடிச்சுப் பாருங்க, அப்பவும் வரலைன்னா கழட்டியே ஆகணும். கிரீஸ் எது, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவைங்கிறதெல்லாம் வண்டி மேனுவலில் இருக்கு. தண்ணியில் இறங்கின வண்டிக்கும் பிரஷர் பம்பால் வாட்டர் சர்வீஸ் பண்ணின வண்டிக்கும் கிலோமீட்டர் கணக்கே கிடையாது, உடனே அடிக்கணும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். எங்களுக்கு அன்னிக்கு ஆன செலவு, அழுகின தக்காளியையும் சேர்த்து, ஏழாயிரத்துச் சொச்சம்.

பத்து நிமிஷ வேலை ஏன் நடக்கலைங்கிறதுதான் என்னை உறுத்துது. அப்பா ஷெட்டில் அடிச்சிருப்பாங்கன்னு நினைச்சார். ஷெட்டில் வாட்டர் சர்வீஸ்காரங்க அடிச்சிருப்பாங்கன்னு நினைச்சாங்க. வீட்டில் இருந்த மெக்கானிக்கல் மாணவன் எதையும் நினைக்கலை. ஆயுத பூஜைக்கு அந்த வண்டிக்குச் சந்தனம் வெச்சு, மாலை போட்டு, பூசணிக்காய் உடைச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்தோம். அடியில் குனிஞ்சு பார்க்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை. கிரீஸ் அடிக்கிறது படிக்காதவங்க வேலைன்னு நமக்குள்ள ஒரு எண்ணம் இருக்கு. வாயால் யாரும் சொல்ல மாட்டோம், ஆனா இருக்கு. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-லிருந்து ஓடுது, ஆவடியில் டாங்கியே செய்யறாங்க, இதெல்லாம் சுத்தி இருக்கிற ஊரில் வளர்ந்தும் நம்ம கை கறுக்கக் கூடாதுன்னுதான் வீட்டில் ஆசைப்படறாங்க. எங்க அப்பாவும் அப்படித்தான். அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை.

ஆனா நம்மைக் குத்தம் சொல்லலாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட் எடுத்துப் பாருங்க. 'மெஷின் லேர்னிங் மூலம் அதிர்வை வைத்துப் பழுதைக் கண்டறிதல்' வருஷா வருஷம் வரும். நல்ல தலைப்பு. ஆனா ஷாஃப்ட் ஒரு சுற்று சுத்தும்போது ரெண்டு தடவை வர்ற அதிர்வு, மூட்டுப் பிரச்சினையா இருக்கலாம்னு எத்தனை டீமுக்குத் தெரியும்? நெட்டிலிருந்து டேட்டா இறக்கி, 98 சதவீதம் துல்லியம்னு ஸ்லைடு போட்டு முடிச்சிடறோம். காதுக்குக் கேட்ட கீச் சத்தத்தை ஃபேன் பெல்ட்டுன்னு சொன்னவன் நான், எந்த சென்சார் என்னைக் காப்பாத்தியிருக்கும்?

"இதுக்குத்தான் கிரீஸே தேவைப்படாத சீல்டு ஜாயிண்ட் வந்திருக்கே"ன்னு ஒரு சீனியர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. நிப்பிள் இல்லாத கிராஸில் கிரீஸ் போக ஓட்டை போட வேண்டியதில்லை, அதனால உறுதி கூட. கிரீஸ் அடிக்கவே மாட்டேன்னு தெரிஞ்ச ஆளுக்கு அதுதான் சரி. ஆனா டப்பாவில் போட்டிருக்கிற 'லைஃப்டைம்' அந்த மூட்டோட ஆயுள்தான், வண்டியோட ஆயுள் இல்லை. வருஷா வருஷம் மழைத் தண்ணியில் இறங்கற மாங்காட்டு வண்டிக்கு நிப்பிள் வெச்சதுதான் என் சாய்ஸ், அடிக்க ஆள் இருந்தா. எலக்ட்ரிக் வண்டி வந்தா எல்லாம் ஒழிஞ்சிடும்னு சொல்றவங்களுக்கும் ஒரு தகவல்: மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போற தண்டிலும் மூட்டு இருக்கு, ரப்பர் பூட்டுக்குள்ள கிரீஸோட. பூட் கிழிஞ்சா அதே கதை.

கடைசியா ஒரு ஆளைச் சொல்லணும். கார்டானோ 16-ஆம் நூற்றாண்டுக்காரர், ஹூக் 17-ஆம் நூற்றாண்டுக்காரர், மூட்டுக்கு ரெண்டு பேர் பெயரும் இருக்கு. ஆனா ஆரம்ப காலக் கார்கள் பல சங்கிலியிலதான் ஓடிச்சு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படிச்சிட்டிருந்த கிளாரன்ஸ் ஸ்பைசர், உறைக்குள்ள அடைச்ச யுனிவர்சல் ஜாயிண்டுக்கு 1903-ல் பேட்டண்ட் வாங்கி, 1904-ல் தயாரிக்கவே ஆரம்பிச்சார். உறை எதுக்கு? கிரீஸ் வெளியே போகாம, மண் உள்ளே வராம இருக்க. நம்ம மாதிரி ஒரு ஸ்டூடண்ட், சமன்பாட்டோட நிக்காம கிரீஸைப் பத்தியும் கவலைப்பட்டிருக்கார்.

அதனால நம்ம டிபார்ட்மெண்டுக்கு ஒரு கோரிக்கை. டைனமிக்ஸ் லேப் ரெக்கார்டில் ஒரு எக்ஸ்பெரிமெண்ட் சேருங்க. ஆளுக்கு ஒரு தடவை, காலேஜ் பஸ்ஸோ கேன்டீன் வண்டியோ, அடியில் படுத்து நாலு கப்பிலும் கிரீஸ் வர வைக்கணும். அளவெடுக்க ஒண்ணும் இல்லை, கிராஃப் தேவையில்லை, டிரைவர் அண்ணன் கையெழுத்துப் போட்டா போதும். எச்ஓடி சார் ஒத்துக்க எத்தனை செமஸ்டர் ஆகுமோ தெரியாது. அதுவரைக்கும், மாங்காட்டில் எங்க வண்டி ஞாயித்துக்கிழமை காலையில் சும்மாத்தான் நிக்கும். கன் இருக்கு, கோணிப்பை இருக்கு, டயருக்கு வைக்கக் கட்டை நாலு செஞ்சு வெச்சிருக்கேன். பழைய சட்டை போட்டுட்டு வாங்க. அம்மா டீ போட்டுத் தருவாங்க, கையை மண்ணெண்ணெயில் கழுவின பிறகு.